டெட்ராவை ஜோடியாக வாங்காதீர்கள்

மீன் கடைக்குள் நுழைந்ததும் வாயில் வருகிற முதல் கேள்வி, "ஜோடி எவ்வளவுண்ணே?" என்பதுதான். சென்னை கொளத்தூரானாலும் சரி, ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடையானாலும் சரி, பெரும்பாலும் ஜோடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். அதே பழக்கத்தில் நியான் ஒரு ஜோடி, விடோ ஒரு ஜோடி, செர்பே ஒரு ஜோடி, ரம்மிநோஸ் ஒரு ஜோடி என்று, டெட்ரா எனப்படும் சிறு தொட்டி மீன்களில் நாலு வகையாக எட்டு மீன் வீட்டுக்கு வந்துவிடும். முதல் நாள் தொட்டி அழகாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் நியான் இரண்டும் பில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விடோ மற்ற மீன்களின் வாலைக் கொத்தும். ரம்மிநோஸின் சிவப்பு மூக்கு வெளுத்துப்போகும். தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். தவறு நடந்தது எண்ணிக்கையில்.

டெட்ராக்களுக்கு ஜோடி வாழ்க்கை கிடையாது. முட்டையிடும் நேரத்தில் ஆணும் பெண்ணும் சற்று நேரம் சேரும். செடிகளுக்கு நடுவே முட்டைகளைச் சிதறிவிட்டுப் பிரிந்துவிடும். கண்ணில் பட்டால் தம் முட்டையைத் தாமே தின்றும்விடும். மற்றபடி அவற்றின் வாழ்க்கை முழுவதும் தன் இனத்துக் கூட்டத்தோடுதான். ஆகவே டெட்ரா வாங்குகிறவர் கேட்க வேண்டியது, "இந்த ஒரே வகையில் பத்து இருக்கிறதா?" என்பதை.

கூட்டம் எதற்கு

நியான் டெட்ராவின் ஊர் அமேசான் ஆற்றின் மேல்பகுதியில் சேரும் சிற்றோடைகள். அறிவியல் உலகில் அது பெயர் பெற்றது 1936-இல். அதன் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ரா ரியோ நீக்ரோ ஆற்றிலும் ஓரினோகோ ஆற்றின் மேல்பகுதியிலும் வாழ்வது. அதற்கு 1956-இல் பெயர் வைத்தார்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. நியானில் சிவப்புப் பட்டை உடம்பின் நடுவில் தொடங்கி வால்வரை போகும். கார்டினலில் தலையருகிலிருந்து வால்வரை முழு நீளத்துக்கும் ஓடும்.

ரியோ நீக்ரோ என்றால் கறுப்பு ஆறு. காட்டு இலைகள் ஊறி ஊறி அந்தத் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும். அதில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீன், தன்னைவிடப் பெரிய வாய்களுக்கு நடுவில் பிழைக்க வேண்டும். அதற்கு எதிரியைக் குத்தும் முள் இல்லை, விஷம் இல்லை, கவசம் இல்லை. இருக்கிற ஒரே பாதுகாப்பு கூட்டம்தான்.

கூட்டம் மூன்று வகையில் காப்பாற்றுகிறது. நூறு மீனில் ஒன்றாக இருக்கும்போது, பாய்கிற எதிரியின் வாயில் தான் சிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு மீனுக்கும் குறைகிறது. ஒரே நிறத்தில் ஒரே அளவில் பல மீன்கள் சட்டென்று திசை மாறும்போது, எதைக் குறிவைப்பது என்று எதிரி தடுமாறுகிறது. மூன்றாவது, பல கண்கள் காவல் பார்ப்பதால் ஒவ்வொரு மீனும் அதிக நேரம் நிம்மதியாக மேயலாம். இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்தால்தான் எதிரி குழம்பும். கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் எதிரியின் கண் நேராக அங்கேதான் போகும். பத்து விடோவுக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நியானுக்கு அந்தப் பத்தும் துணையாகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நியானும் கார்டினலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் சில சமயம் சேர்ந்து நீந்தும். அதை நம்பி எண்ணிக்கையில் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

மீன்கள் ஒன்றையொன்று தவறவிடாமல் நீந்துவது பெரும்பாலும் கண்ணால்தான். நியானின் நீலப் பட்டை சாயம் பூசியதுபோல ஒரு நிறமியால் ஆனதல்ல. தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அப்படி மின்னுகிறது. மங்கலான தண்ணீரிலும் பக்கத்தில் இருப்பவர் எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் துணையாக உடம்பின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, பக்கத்து மீன் வாலை அசைத்தால் எழும் நீரசைவை உணர்கிறது.

மணமும் உண்டு. டெட்ராவின் தோலில் உள்ள சில செல்கள் காயப்பட்டால் ஒரு பொருள் தண்ணீரில் கலக்கும். அதை முகர்ந்ததும் சுற்றியுள்ள மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடியில் பதுங்கும், அல்லது அப்படியே அசையாமல் நின்றுவிடும். இந்த எச்சரிக்கை மணத்தைச் சிறு நன்னீர் மீன்களில் கண்டு 1938-இல் எழுதியவர் விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ். டெட்ராவும் கெண்டையும் கெளுத்தியும் சேர்ந்த பெரும் பிரிவு முழுவதிலும் இது பரவலாக உண்டு. வலையால் ஒரு மீனை விரட்டி விரட்டிப் பிடித்த பிறகு மற்ற மீன்கள் நெடுநேரம் மூலையிலேயே கிடக்கின்றனவா? உங்கள் கையைக் கண்ட பயத்தோடு, உரசலில் தோல் காயப்பட்ட அந்த ஒரு மீனின் சேதியும் அதில் சேர்ந்திருக்கலாம். இரண்டு வலையை எடுத்துக்கொண்டு, ஒன்றை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் மெதுவாக அதற்குள் தள்ளினால் காயம் குறையும்.

ஒட்டி நீந்தினால் பயம், பரவி மேய்ந்தால் நிம்மதி

புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு ஓர் ஆசை இருக்கும். காணொளிகளில் வருவதுபோல எல்லா மீன்களும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், அணிவகுத்துப் போக வேண்டும் என்பது. வாங்கி விட்ட முதல் வாரத்தில் அப்படியே போகவும் செய்யும். மாதம் ஒன்று ஆனதும் ஆளுக்கொரு பக்கமாகத் திரியும். "கூட்டம் கலைந்துவிட்டதே, ஏதாவது நோயா?" என்று கவலைப்படுவார்கள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. கூட்டமாக வாழ்வதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று திரள்: ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் பரவி நின்று, அவரவர் பாட்டுக்கு மேய்வது. இன்னொன்று அணி: இடைவெளி குறைந்து, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பி, ஒன்றாக நகர்வது. பெரும்பாலான டெட்ராக்கள் நிம்மதியாக இருக்கும்போது திரளாகவும் மிரளும்போது அணியாகவும் இருக்கும். நாள் முழுக்க அணியாகவே நீந்துகிற நியான் கூட்டம் நாள் முழுக்கப் பயந்துகொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரம்மிநோஸ் மட்டும் இதில் விலக்கு. பயம் இல்லாதபோதும் இறுக்கமாக அணிவகுத்துப் போவது அதன் இயல்பு. அணியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் தொட்டியில் இதைப் பார்க்க ஒரு வழி சொல்கிறோம். விளக்குப் போட்டு அரை மணி நேரம் கழித்து, தொட்டியிலிருந்து மூன்றடி தள்ளி, பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதலில் மீன்கள் கண்ணாடிக்கு முன்னால் திரண்டு வந்து உங்களையே பார்க்கும். அது தீனி வருமா என்ற எதிர்பார்ப்பு. ஐந்தாறு நிமிடத்தில் அது அடங்கிவிடும். பிறகு ஒன்று செடி இலையைக் கொத்தும், இரண்டு பக்கவாட்டில் உரசிப்போகும், நாலைந்து நடுத்தண்ணீரில் சும்மா நிற்கும். இப்போது கையை மெல்லத் தூக்குங்கள். பரவியிருந்தவை ஒரு நொடியில் ஒன்றுகூடி, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். கையை இறக்கிய ஓரிரு நிமிடத்தில் மறுபடி பரவினால் தொட்டி நன்றாக இருக்கிறது. பத்து நிமிடம் ஆகியும் மூலையை விட்டு வரவில்லை என்றால் ஏதோ ஒன்று அவற்றை மிரட்டுகிறது.

மிரட்டுவது பெரும்பாலும் சாதாரண விஷயமாகவே இருக்கும். நாலு பக்கமும் திறந்த கண்ணாடி, வெள்ளைக் கல் தரை, உச்சந்தலையில் கொளுத்தும் விளக்கு, பக்கத்தில் அடிக்கடி சாத்தப்படும் கதவு. பின்பக்கக் கண்ணாடியில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டுவது, தரைக்குக் கருமணல் போடுவது, மேலே கொஞ்சம் மிதக்கும் செடி விடுவது, விளக்கை ஏழெட்டு மணி நேரத்தோடு நிறுத்துவது. இவ்வளவு செய்தாலே நியானின் நிறம் சில நாளில் திரும்பத் தொடங்கும். நாட்டு வாதுமை மரத்துக் காய்ந்த இலையைக் கழுவி, 20 லிட்டருக்கு ஒன்று வீதம் போட்டால் தண்ணீர் லேசான தேநீர் நிறமாகும். வெளிச்சம் தணிந்து மீன்கள் துணிச்சலாக வெளியே வரும். ஒளிய இடம் இருந்தால் மீன் ஒளிந்தே கிடக்கும் என்று நினைக்கிறோம். ஓடி ஒளிய ஓரிடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் தைரியமாக வெளியில் திரியும்.

எத்தனை வேண்டும்

ஒரே வகையில் ஆறு என்பது கீழெல்லை. பத்துக்கு மேல் போனால்தான் கூட்டத்தின் உண்மையான குணம் தெரியும். எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைச் சண்டையை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. சிறு டெட்ராக்களுக்குள் மேல்கீழ் உண்டு. மூன்று மீன் இருந்தால் வலுத்தது மேலே, நோஞ்சான் கீழே. மேலே இருப்பதன் துரத்தல் முழுவதும் அந்த ஒன்றின்மேல் விழும். அது தின்னாது, மெலியும், சாகும். அடுத்தது அந்த இடத்துக்கு வரும். பத்து மீன் இருந்தால் அதே துரத்தல் பத்துக்கும் பங்காகிவிடும். யாரைத் துரத்துகிறோம் என்பதே துரத்துகிற மீனுக்கு நிலைக்காது.

இடக் கணக்கு இது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி உள்ள தொட்டி சுமார் 28 லிட்டர். அதில் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள எம்பர் டெட்ரா எட்டு வைக்கலாம், நியான்கூட வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர். மணலும் கல்லும் போக 45 லிட்டர் நிற்கும். அதில் பத்துப் பன்னிரண்டு நியானும் அடியில் மேய ஐந்து சிறு கோரிடோராஸ் கெளுத்தியும் போதும். மூன்றடித் தொட்டி இருந்தால் ரம்மிநோஸ் பதினைந்து இருபது விடலாம். டெட்ராவுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். கூட்டம் குறுக்காக ஓடித் திரும்ப வேண்டும். உயரமான அலங்காரத் தொட்டிகள் லிட்டர் கணக்கில் பெரிதாக இருந்தாலும் இவற்றுக்குப் பயன்படாது.

இரண்டடித் தொட்டியில் மூன்று வகையில் நாலு நாலு வைப்பதைவிட ஒரே வகையில் பன்னிரண்டு வைப்பது நல்லது. மூன்று நிறம் கிடைக்காதே என்று தோன்றும். ஆனால் பன்னிரண்டு நியான் ஒன்றாகத் திரும்பும்போது தொட்டி முழுக்க ஒரு நீலக் கோடு மின்னி மறையும். வகைக்கு நாலு வைத்த தொட்டியில் அது நடக்காது.

சண்டையா, சடங்கா

துரத்தலைப் பார்த்ததும் பதற வேண்டாம். பிளாக் பேண்டம் டெட்ராவில் இரண்டு ஆண்கள் எதிர்ப்படும் காட்சியைக் கவனியுங்கள். இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் விசிறிபோல முழுக்க விரியும். உடம்பு கறுத்து, ஒன்றையொன்று மெல்லச் சுற்றும். ஒன்று திடீரென முன்னால் பாய்ந்து, தொடாமல் நின்றுவிடும். பிறகு ஒன்று துடுப்பைச் சுருக்கி ஒதுங்கும், அத்தோடு முடிந்தது. செதில் ஒன்றுகூட உதிராது. ஆண்கள் தங்கள் அளவையும் துடுப்பையும் காட்டி எல்லையைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் முறை இது. நிறம் இவ்வளவு அழகாக வெளிப்படுவதும் இந்த நேரத்தில்தான். லெமன் டெட்ராவிலும் இதே காட்சி கிடைக்கும்.

வேறு மாதிரியானது துடுப்புக் கொத்தல். செர்பேயும் விடோவும் இதில் பேர்போனவை. பின்னாலிருந்து வந்து நொடியில் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். வாலில் அரைவட்டமாக, வெட்டினாற்போல ஒரு துண்டு குறைந்திருந்தால் அது கடி. ஓரம் பிசிறாகி, வெள்ளையோ கறுப்போ படர்ந்து, நாளுக்கு நாள் அடியை நோக்கி அரித்துப் போனால் அது துடுப்பு அழுகல். முன்னதற்கு மருந்து ஊற்றிப் பயனில்லை. கடிக்கிற வகையின் எண்ணிக்கையை எட்டு பத்தாக உயர்த்தினால் கொத்தல் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். இடமில்லாவிட்டால் பிரித்து வைக்க வேண்டும். பசியும் கொத்தலைக் கூட்டும். தீனியை நாளுக்கு ஒரே வேளை மொத்தமாகப் போடாமல், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவில் இரண்டு வேளையாக, தொட்டியின் இரு முனையிலும் போடுங்கள். ஒரு முனையில் வலுத்தவை முட்டி மோதும்போது மறுமுனையில் மெலிந்தவை தின்றுவிடும். நியானின் வாய் மிகச் சிறியது. பிளேக் எனப்படும் மெல்லிய தகட்டுத் தீனியை விரலில் நசுக்கித் தூளாக்காமல் போட்டால் கவ்வித் துப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரே மீன் எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து, உள்ளே தொங்கவிடும் குஞ்சுப் பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். அதற்குள் செடிகளையும் கட்டைகளையும் இடம் மாற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது பழைய எல்லை எதுவும் இருக்காது. கடைசியாகச் சேர்ந்ததுபோல அடங்கித் தொடங்கும்.

யாரோடு வைக்கலாம்

ஏஞ்சல் மீனோடு நியான் வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். ஏஞ்சலும் அமேசான்காரர்தான். சிறு மீன்களைத் தின்று வாழ்வது அதன் இயல்பு. ரூபாய் நாணயம் அளவில் வாங்கும்போது இரண்டும் சமாதானமாக இருக்கும். எட்டு மாதம் கழித்து நியான் ஒவ்வொன்றாகக் குறையும், உடல்கூடக் கிடைக்காது. மறுபக்கம், செர்பேயையும் விடோவையும் ஏஞ்சல், பைட்டர், வால் நீண்ட கப்பி, கௌராமியின் மீசை ஆகியவற்றின் அருகே விடவே கூடாது. மெதுவாக நீந்தித் துணிபோல் தொங்கும் எதுவும் அவற்றுக்குக் கடிக்கத் தோன்றும். கோரிடோராஸ், பாசி மேயும் ஓட்டோசின்க்ளஸ், செர்ரி இறால் ஆகியவை சிறு டெட்ராக்களுக்கு ஏற்ற அண்டை வீட்டார். இறால் குஞ்சுகளை மட்டும் தின்றுவிடும். கோல்டு மீன் வேண்டாம். அது கேட்கும் குளிர்ச்சி வேறு, அதன் வாய் வேறு.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். நியானுக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் இதமானது. சித்திரை வைகாசியில் சமவெளி வீடுகளில் தொட்டி 30-ஐத் தாண்டும். சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும். கூட்டம் மொத்தமாக மேற்பரப்பில் வாயைப் பிளந்து நின்றால் அது விளையாட்டில்லை. மூடியைத் திறந்து, சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்றுக் கல்லும் ஓடட்டும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் குளிர் இரவுகளுக்கு ஹீட்டர் வைத்தால் நியான் நன்றாக வரும். சென்னை, மதுரை, திருச்சிக்கு கார்டினல், ரம்மிநோஸ், எம்பர் ஆகியவை சூட்டை மேலாகத் தாங்கும். ஆனால் இவை உப்புக் குறைந்த மென்மையான தண்ணீரை விரும்புபவை. உப்பேறிய போர் தண்ணீரானால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து, அந்தக் கலவை விகிதத்தை எப்போதும் மாற்றாமல் வைத்திருங்கள்.

கூட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது

பில்டர் ஓடி, மீன் கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமான தொட்டியில்தான் விட வேண்டும். புதுத் தொட்டிக்கு அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டிரண்டாகச் சேர்ப்பது டெட்ராவுக்கு உதவாது. இரண்டு மீன் தனியே விடப்பட்ட நாளெல்லாம் அவற்றுக்குக் கண்டம்தான். தனித்தொட்டியில் மொத்தக் கூட்டத்தையும் மூன்று வாரம் வைத்துக் கவனித்து, பிறகு ஒன்றாகவே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை அதில் சேர்த்து, முக்கால் மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

இருட்டில் கண் உதவாது என்பதால் இரவில் டெட்ராக் கூட்டம் கலைந்துவிடும். ஒவ்வொன்றும் ஏதாவதொரு செடிக்கு அடியில் தனியே நிற்கும். நியானின் நிறமும் மங்கி ஊதாச் சாயலாகிவிடும். நடு இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது தூக்கம். திடீர் வெளிச்சத்தில் திடுக்கிட்டுக் கண்ணாடியில் மோதிக்கொள்ளும். அறை விளக்கை முதலில் போட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

பகலில் ஒன்று மட்டும் தனியே நின்றால் அதை உடனே கவனிக்க வேண்டும். நலமுள்ள டெட்ரா தன் கூட்டத்தை விட்டு நாள் முழுக்க விலகி நிற்காது. நிறத்தில் வெள்ளைத் திட்டு, பட்டை நடுவில் அறுந்ததுபோல மங்கல், முதுகு வளைவு, நேராக நீந்த முடியாத தள்ளாட்டம் இவற்றில் எதைக் கண்டாலும் நியான் நோய் என்று சந்தேகிக்கலாம். தசைக்குள் வாழும் ஒரு நுண்ணுயிர் ஒட்டுண்ணியால் வருவது அது. நம்பகமான மருந்து இல்லை. செத்த மீனை மற்றவை கொத்தித் தின்னும்போது ஒட்டுண்ணியின் வித்துகள் அவற்றுக்குள் போய்விடும். எனவே விலகி நிற்கிற மீனை அன்றே தனித்தொட்டிக்கு மாற்றுங்கள், இறந்ததை நிமிடமும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

நன்றாக வளர்த்தால் நியான் நான்கைந்து ஆண்டு இருக்கும். கூட்டம் ஒரே வயதுடையது என்பதால் முடிவும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். பன்னிரண்டு எட்டாகும், எட்டு மூன்றாகும். அந்த மூன்றும் மறுபடி பில்டருக்குப் பின்னால் போய் நிற்கத் தொடங்கும். அந்த நிலையில் செய்யக்கூடியவை இரண்டு. தொட்டியைத் தொடர்வதாக இருந்தால் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த எட்டுப் பத்து இளம் மீன்களை அவற்றோடு சேருங்கள். நிறுத்துவதாக இருந்தால் அதே வகையில் பெரிய கூட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ விட வேண்டாம். புதிதாகச் சேர்த்த அன்று அந்தக் கிழ மீன்கள் மூன்றும் எங்கே நிற்கின்றன என்று மாலையில் பாருங்கள்: இளம் மீன்களுக்கு நடுவில் நிற்கும்.